கல்யாணியின் காக்கி உடை

முப்பது ஆண்டுகளாகக் காணாதிருந்த பழைய நண்பர் ஒருவரைத் திடீரென்று சந்தித்தால் நாம் என்ன செய்கிறோம்? அவர் முகத்தில் மாறியது எது, மாறாதது எது என்று உற்றுப் பார்க்கிறோம். சற்று நேரம் கழிந்ததும், நாம் எவ்வளவு மாறிவிட்டோம் என்ற எண்ணமும் உடன் எழுகிறது. இளமையில் கண்ட நாடகத்தை மீண்டும் காண்பதும் இத்தகைய சந்திப்பேயாகும். அப்படி நான் மீண்டும் கண்ட ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அதன் பெயர் 'உடான்'. இந்திச் சொல்; பறத்தல் என்பது பொருள். தூர்தர்ஷன் இத்தொடரை 1989ஆம் ஆண்டில் ஒளிபரப்பத் தொடங்கியது. கதையை எழுதியவரும், இயக்கியவரும், கல்யாணி சிங் என்னும் காவல்துறை அதிகாரியாக நடித்தவரும் ஒருவரே. அவர்தாம் கவிதா சௌத்ரி. கல்யாணியின் தந்தையாக விக்ரம் கோகலேயும், ஆட்சிப்பணி அதிகாரியாகத் திரைப்பட இயக்குநர் சேகர் கபூரும் நடித்தனர்.

எங்கள் ஊர் பருத்திப்பட்டு. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில், ஏரியை ஒட்டி அமைந்தது. நான் பள்ளியில் படித்த அந்நாளில் எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகள் சிலவே. ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த பஞ்சாபியர் ஒருவரின் வீடு அவற்றுள் ஒன்று. அவர் மனைவியாரை நாங்கள் 'அக்கா' என்றே அழைப்போம். எங்களுக்கு இந்தி தெரியாது; அக்காவுக்குத் தமிழ் அரைகுறை. ஆயினும் கல்யாணி பேசப் பேச, அவர் தமக்குத் தெரிந்த தமிழில் எங்களுக்கு எடுத்துச் சொல்வார். சொல்லாமல் விட்டதைக் கல்யாணியின் முகமே சொல்லிவிடும்.

அவ்வாண்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு துன்பம் நேர்ந்தது. எங்களுக்கிருந்த சிறு நிலத்தின் எல்லைக் கற்களை ஒரே இரவில் சிலர் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டனர். கேட்கச் சென்ற என் தந்தையாரைத் தாக்கினர். கை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு அவர் ஒரு காவல் நிலையத்துக்குச் சென்றார். காலையில் சென்றவரை மாலைவரை வெளியே உட்கார வைத்தார்கள். எழுதிக் கொண்டுபோன மனுவை வாங்கிக்கொண்டு, "போய் வாரும், பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கும் பதியவில்லை, ஒரு துண்டுச் சீட்டும் தரவில்லை. வீடு திரும்பிய தந்தையார் அன்று இரவு உணவு கொள்ளவில்லை. சில நாள் கழித்து அக்கா வீட்டில் 'உடான்' பார்த்துக்கொண்டிருந்தபோது, என் தாயார் மெல்லிய குரலில், "இந்தப் பெண் அங்கே இருந்திருந்தால், உங்கள் அப்பாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருப்பாள்" என்றார். அச்சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

கல்யாணியின் கதையும் ஏறக்குறைய அத்தகையதுதான். பெண் பிறந்ததே என்று முகம் சுளிக்கும் உறவினர் நடுவே, மகளை ஆணுக்கு நிகராக வளர்க்கிறார் ஒரு தந்தை. சொத்துத் தகராறில் குடும்பம் அல்லற்படுகிறது. எளியவனுக்கு நீதியின் கதவு எளிதில் திறப்பதில்லை என்று கண்ட மகள், இந்தியக் காவற்பணித் தேர்வில் வென்று அதிகாரியாகிறாள்.

இது வெறுங் கற்பனையன்று. கவிதாவின் தமக்கையார் காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்வே இக்கதையின் ஊற்று. இந்தியக் காவற்பணியில் முதற்பெண்மணியாகக் கிரண் பேடி 1972இல் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் சேர்ந்தவர் காஞ்சன். அவர் 2004இல் உத்தராகண்ட் மாநிலத்தின் காவல்துறைத் தலைமை இயக்குநரானார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதற்பெண் அவரே.

தமிழகமும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1976இல் காவற்பணிக்குத் தேர்ந்த திலகவதி, தமிழகத்திலிருந்து அப்பணிக்குச் சென்ற முதற்பெண் ஆவார். 'கல்மரம்' என்னும் நாவலுக்காக 2005இல் சாகித்திய அக்காதெமி விருதும் பெற்றார். லத்திகா சரண் 2006இல் சென்னை மாநகரக் காவல் ஆணையரானார். தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது.

நம் இலக்கியத்தில் நீதி கேட்ட பெண் என்றவுடன் நினைவுக்கு வருபவள் கண்ணகி. அவள் ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாயிலில் நின்றாள். வாயிற்காவலனிடம் தன்னை அறிவித்து, அரசன் முன் சென்று வழக்குரைத்தாள். கல்யாணியோ வாயிலில் நின்று கேட்பதோடு அமையவில்லை. நீதி வழங்கும் நாற்காலியிலேயே சென்று அமர்ந்தாள். எங்கள் தெருப் பெண்கள் அந்நாடகத்தைக் கண் கொட்டாமல் பார்த்ததற்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன்.

அந்நாளில் மேலைநாட்டிலும் காவலர் நாடகம் புதுவழி கண்டது. அமெரிக்காவில் 1981 முதல் 1987 வரை ஒளிபரப்பான 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' என்னும் தொடர், ஒரு காவல் நிலையத்தின் அன்றாட வாழ்வை, அதன் சோர்வையும் சிக்கலையும் மறையாமல் காட்டியது. 'கேக்னி அண்ட் லேசி' என்னும் தொடர் நியூயார்க்கின் இரு பெண் துப்பறிவாளரைப் பற்றியது. 1983இல் நிறுத்தப்பட்ட அது, பார்வையாளர் எழுதிக் குவித்த கடிதங்களால் மீண்டும் உயிர் பெற்றது.

'உடான்' நாடகத்தின் சில பகுதிகளை அக்கா வீட்டார் வீடியோ நாடாவில் பதிந்து வைத்திருந்தனர். ஊரைவிட்டுப் போகும்போது அதை எங்களுக்கே தந்து சென்றனர். ஏரிக்காற்றின் ஈரத்தில் அந்நாடாவில் பூஞ்சை பூத்தது, படம் அழிந்தது. பின்னர் 2020இல், நோய்த்தொற்றால் நாடு அடங்கியிருந்த காலத்தில், தூர்தர்ஷன் அத்தொடரை மறுபடியும் ஒளிபரப்பியது. 2024 பிப்ரவரியில் கவிதா சௌத்ரி மறைந்தார் என்ற செய்தி வந்தபோது, நானும் கல்லூரியில் பயிலும் என் மகளும் வீட்டுக் கணினியில் அதை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினோம்.

குறைகள் இப்போது கண்ணுக்குத் தெரிந்தன. காட்சிகள் ஆமைபோல் நகர்கின்றன. சிலவிடங்களில் உரையாடல் சொற்பொழிவாக நீள்கிறது. ஆனால் சிறுவயதில் நான் காணாத ஒன்றும் தெரிந்தது. கல்யாணியின் வலிமை துப்பாக்கியில் இல்லை, செவியில் இருக்கிறது. எதிரில் நிற்பவர் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்கிறாள்.

இதை நான் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, கல்யாணியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால், அந்த ஊர்க்காரர்கள் அப்புறம் யாரிடம் போவார்கள்?"

நான் வாயடைத்துப் போனேன். நாங்கள் 1989இல் ஒரு நல்ல அதிகாரிக்காக ஏங்கினோம். ஆனால் அன்றைய சட்டத்திலேயே எங்களுக்கு ஓர் உரிமை எழுதப்பட்டிருந்தது, நாங்கள் அறியவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு என்ன கூறியது? கைது ஆணையின்றியே காவலர் நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றத்தை ஒருவர் வாயால் சொன்னாலும் அதை எழுத வேண்டும். படித்துக் காட்ட வேண்டும். கையொப்பம் பெற்று, நகலை இலவசமாகத் தர வேண்டும். நிலையத்தில் மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம். எலும்பு முறியத் தாக்குவது அத்தகைய குற்றமே. பின்னர் 2013இல், லலிதா குமாரி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, சிலவகை வழக்குகளில் முன்விசாரணைக்கு இடம் தந்தபோதிலும், முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. மின்னணு வழியிலும் தகவல் தரலாம் என்கிறது.

அந்த ஒரு தாள் நகல் என் தந்தையார் கையில் இருந்திருந்தால்? நிலம் மீண்டிருக்குமோ, இல்லையோ! ஆனால் "நமக்கு யாருமில்லை" என்ற எண்ணத்தோடு அவர் கண் மூடியிருக்க மாட்டார்.

எங்கள் ஏரியைச் சுற்றி இன்று நடைபாதையும் பூங்காவும் உள்ளன. ஆவடிக்கெனத் தனிக் காவல் ஆணையரகமும் 2022 முதல் இயங்குகிறது. ஊர் மாறிவிட்டது. ஆனால் நீதி கேட்டு வருபவரின் அச்சம் மாறிவிட்டதா?

மாணவ மாணவியரே! நல்ல மனிதர் இல்லாவிடில் சட்டம் வெறுந்தாள். சட்டத்தை அறியாத மக்களுக்கோ, நல்ல அதிகாரி இருக்கும் நாள்வரைதான் பாதுகாப்பு. ஆதலின் இரண்டையும் நாடுங்கள். உங்கள் உரிமையைப் படித்துக்கொள்ளுங்கள்; படிக்காதவருக்குச் சொல்லுங்கள். நாளை உங்களுள் ஒருவர் அந்த நாற்காலியில் அமரக்கூடும். அன்று, காலைமுதல் வெளியே காத்திருக்கும் முதியவர் ஒருவரை உள்ளே அழைத்து, முதலில் உட்காரச் சொல்லுங்கள். என் தாயார் கல்யாணியிடம் எதிர்பார்த்தது அவ்வளவே.