பசியாவரமும் பாடும்

போன சில வாரமா வந்த மெசேஜ்கள்ல ஒரே கேள்வி வேற வேற வார்த்தைகள்ல திரும்பத் திரும்ப வந்துட்டு இருந்தது. "ஞாயித்துக்கிழமை ஆலயத்துல கடவுளை நம்புறேன்னு பாடிட்டு வர்றேன். திங்கட்கிழமை காலைல லேப்டாப்பைத் திறக்கும்போது அந்த நம்பிக்கைக்கு என்ன அர்த்தம்?" நல்ல கேள்வி. இன்னைக்கு இதுக்கு ஒரு ஏரி வழியா போய்ப் பார்க்கலாம்.

ஊர் பேரு பசியாவரம். சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டர் போல, பொன்னேரி தாண்டிப் போனா பழவேற்காடு. அங்கே ஏரிக்குள்ளயே தண்ணி சூழ்ந்த சில மீனவர் ஊர்கள் இருக்கு. அதுல ஒண்ணு இது. இந்தப் பேரை முதல் தடவை கேட்கும்போது என் காதுல 'பசியாத வரம்'னுதான் விழுந்தது. பேருக்கு உண்மையான காரணம் வேற எதுவாவது இருக்கும், ஊர்ப்பேர் ஆராய்ச்சிக்கு நான் ஆள் இல்லை. ஆனா மீன் கிடைச்சாத்தான் உலை கொதிக்கும்ங்கிற இடத்துல ஒரு ஊருக்கு இப்படிப் பேர் அமைஞ்சிருக்கிறது என்னை யோசிக்க வெச்சது. அந்த வரத்தை அங்கே எப்படிக் கேட்பாங்க?

முதல்ல ஏரியைப் பத்திக் கொஞ்சம். இந்தியாவுல சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடுதான். பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு. நாம ராக்கெட் விடுறதைப் பார்க்கிற ஸ்ரீஹரிகோட்டா தீவுதான் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவுல நிக்குது. ஆரணியாற்றுத் தண்ணியும் கடல் தண்ணியும் இங்கே கலக்கும். இறால் குஞ்சுகள் கடல்லேர்ந்து முகத்துவாரம் வழியா உள்ளே வந்து, ஏரியில வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். அதனால முகத்துவாரத்துக்குப் பக்கத்துல வலை கட்டுறவருக்கு நல்ல மீன்பாடு. தள்ளி இருக்கிறவருக்குக் கம்மி. அப்போ நல்ல இடம் யாருக்கு?

நம்ம ஊர் வழக்கப்படி யோசிச்சா விடை சுலபம். முதல்ல வந்தவன், இல்லேன்னா பெரிய படகு வெச்சிருக்கிறவன். இங்கே அப்படி இல்லை. 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், பாடு முறைன்னு பேச்சு எடுத்தா முதல்ல வர்ற ஊர்கள் இந்த மூணும். இறால் பிடிக்கிற இடங்களை ஊர்ச் சொத்தா வெச்சுக்கிட்டு, சீட்டுப் போட்டு, முறை வெச்சுப் பங்கு பிரிச்சுக்குவாங்க. இன்னைக்கு நல்ல இடம் உங்களுக்கு, அடுத்த முறை வேற ஒருத்தருக்கு. உங்க முறை வர்ற அன்னைக்குத் தண்ணி எப்படி இருக்கும், காத்து எப்படி இருக்கும்னு சீட்டு எடுக்கும்போது யாருக்கும் தெரியாது. முறை இல்லாத நாள்ல, அந்த இடத்துல இறால் துள்ளினாலும் அங்கே வலை போடக் கூடாது.

இந்த 'பாடு'ங்கிற சொல்லைக் கொஞ்சம் கவனிங்க. பிடிச்சு வர்றதும் மீன்பாடுதான். உழைச்சா பாடுபடுறோம்னு சொல்றோம். வாழ்க்கை சிரமமா இருந்தா 'என் பாடு திண்டாட்டம்'. தவக்காலத்துல ஆலயத்துல நாம பேசுறது கிறிஸ்துவின் பாடுகள். பங்கு, உழைப்பு, துன்பம், மூணுக்கும் தமிழ்ல ஒரே சொல் போதுமா இருந்திருக்கு.

விவிலியத்துலயும் சீட்டு நிறைய இடத்துல வருது. யோசுவா காலத்துல கோத்திரங்களுக்கு நிலத்தைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிச்சாங்க. யூதாசுக்குப் பதிலா மத்தியாவைத் தேர்ந்தெடுத்ததும் சீட்டுலதான். சிலுவைக்கு அடியில சிப்பாய்கள் இயேசுவோட அங்கிக்குச் சீட்டுப் போட்டதும் அதே வகைச் சீட்டு. நிலத்துக்குப் போட்டப்போ எல்லாருக்கும் ஒரு பங்கு கிடைக்கணும்ங்கிறது நோக்கம். அங்கிக்குப் போட்டப்போ, செத்துக்கிட்டு இருக்கிறவன் கிட்டேர்ந்து யாருக்கு என்ன தேறும்ங்கிறது நோக்கம். சீட்டு எடுத்தாலே அது தெய்வச் செயல்னு நான் சொல்ல மாட்டேன். யாரைச் சுத்தி உட்கார்ந்து எடுக்கிறாங்கன்னு பார்க்கணும்.

இப்போ நம்ம சபைகளுக்கு வர்றேன். நாம சாட்சி சொல்ற கூட்டங்களை நினைச்சுப் பாருங்க. "கர்த்தர் எனக்கு ஆன்சைட் வாய்ப்பைக் கொடுத்தார்." "லேஆஃப் லிஸ்ட்ல என் பேர் வராமக் காத்தார்." சந்தோஷமா இருக்கும், எல்லாரும் கை தட்டுவோம். அதே லிஸ்ட்ல பேர் வந்தவர் மூணாவது வரிசையில உட்கார்ந்து இதைக் கேட்டுட்டு இருப்பார். அவரையும் காக்கிற ஆண்டவர்தானே? முகத்துவாரத்துப் பக்கம் இடம் விழுந்தவர்கள் மட்டும் சாட்சி சொன்னா, தள்ளி விழுந்தவருக்குக் கடவுள் இல்லைன்னு ஆயிடும். பாடு முறையில அப்படிச் சொல்லவே முடியாது. போன முறை நல்ல இடத்துல நின்னவர் இந்த முறை மோசமான இடத்துல நிப்பார், எல்லாருக்கும் அது தெரியும். அதனால விழுந்த இடத்தை வெச்சு ஒருத்தரோட விசுவாசத்தை அளக்க அங்கே வழியே இல்லை. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிச்சிருக்கு.

இங்கே ஒரு விஷயம் சொல்லிடணும். நம்பிக்கைன்னா கையைக் கட்டிட்டு உட்கார்றதுன்னு ஏரியில யாரும் நினைக்க மாட்டாங்க. முகத்துவாரம் அடிக்கடி மணல் சேர்ந்து அடைச்சுக்கும். அடைச்சா படகு கடலுக்குப் போகாது, இறாலும் உள்ளே வராது. அரசு தூர்வாரட்டும்னு வருஷக்கணக்கா மனு கொடுத்துட்டும் இருப்பாங்க, பொறுக்க முடியாம மீனவர்களே காசு போட்டு மணலைத் தோண்டித் திறந்த சமயங்களும் உண்டு. ஜெபமும் மண்வெட்டியும் அங்கே சண்டை போட்டுக்கிறதில்லை.

அதே மாதிரி, நம்பிக்கை ஆபத்துக்கு எதிரான இன்சூரன்ஸும் கிடையாது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயித்துக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இந்தக் கடற்கரை முழுக்க அலை ஏறுச்சு. 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பழவேற்காட்டுக்குச் சுற்றிப் பார்க்க வந்தவங்க போன படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல இறந்தாங்க. இதுக்கெல்லாம் என்கிட்ட விளக்கம் கிடையாது. விளக்கம் வெச்சிருக்கிறவங்களைக் கண்டா கொஞ்சம் பயமாவும் இருக்கு. பாலைவனத்துல சோதனை வந்தப்போ, கோயில் உச்சியிலேர்ந்து குதி, தூதர்கள் தாங்குவாங்கன்னு சொன்னவன் பிசாசு. இயேசு குதிக்கலை. நம்பிக்கை அதிகம்னு ஹெல்மெட் போடாமக் கிளம்புற தம்பிகள் இந்த இடத்தை ஒரு தடவை வாசிக்கலாம்.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். என் வேலையில ஆன்-கால் ரோட்டான்னு ஒண்ணு உண்டு. வாரத்துக்கு ஒருத்தர், நடுராத்திரி சர்வர் விழுந்தா அவர்தான் எழுந்திருக்கணும். மென்பொருள் துறையில இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். முறை வர்ற வாரம் கஷ்டம்தான். ஆனா எனக்கு அதைவிடக் கஷ்டம் முறை இல்லாத வாரம். போன் சும்மா கிடக்கும், கை சும்மா கிடக்காது. ராத்திரி 11 மணிக்கு டாஷ்போர்டைத் திறந்து பார்ப்பேன். வேற ஒருத்தர் பார்த்துக்குவார்னு நம்புறதுக்கு எனக்கு இன்னும் சரியா வரலை. கடவுள் பார்த்துக்குவார்ங்கிற நம்பிக்கையும் இதே இடத்துலதான் இடறுதுன்னு எனக்குத் தோணுது. வலை போடுற நாள்ல ஜெபிக்கிறது சுலபம். வலையைக் கரையில காயப் போட்டுட்டு, இன்னொருத்தர் நம்ம கண் முன்னாடி அள்ளுறதைப் பார்த்துக்கிட்டு, என் வீட்டுக்கும் சோறு வரும்னு நிக்கிறது கஷ்டம்.

வனாந்தரத்துல மன்னா வந்த கதை ஞாபகம் இருக்கா? அன்னன்னைக்கு வேணுங்கிறதை மட்டும் எடுக்கணும். நாளைக்கும் ஆகட்டும்னு சேர்த்து வெச்சது புழு பிடிச்சது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் ரெண்டு மடங்கு. எடுக்காம இருக்கிற ஒரு நாளை அங்கே கடவுளே கட்டி வெச்சிருக்கார். தெக்கே தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரையில கத்தோலிக்க ஊர்கள் பலதுல இன்னைக்கும் ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க. அடுத்த ஊர்க்காரன் அன்னைக்குப் போய் மீனை அள்ளிட்டு வரலாம். தெரிஞ்சேதான் போகாம இருக்காங்க. சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ் மெயிலை மூடி வைக்க முடியாத எனக்கு இது சாதாரண விஷயமாத் தெரியலை.

இதோட முடிச்சா இது ஒரு அழகான கதையா நின்னுடும். ஆனா பாடு முறைக்கு இன்னொரு பக்கம் இருக்கு.

சீட்டுல பேர் இருக்கணும்னா நீங்க அந்த ஊர்த் தலைக்கட்டா இருக்கணும். தலைக்கட்டுன்னா ஆண். அந்தச் சமூகத்துல பிறந்திருக்கணும். வேற சமூகத்து ஆள் அதே தண்ணியில காலம் பூரா நின்னாலும் நல்ல இடங்களுக்கான சீட்டுல அவர் பேர் வராது. இந்தப் பக்கத்துக் கழிமுகங்கள்ல இருளர் மக்கள், முக்கியமா பெண்கள், படகும் வலையும் இல்லாமத் தண்ணியில இறங்கிக் கையால தடவி இறால் பிடிப்பாங்க. ஓலைக்கூடையைப் பல்லுல கவ்விக்கிட்டு, ரெண்டு கையும் சேத்துக்குள்ள. "கர்த்தர் எனக்குக் கொடுத்த பங்கு"ன்னு நாம நன்றி சொல்லும்போது, அந்தச் சீட்டுல பேரே எழுதப்படாத இவங்க எங்கே வர்றாங்க?

கிறிஸ்தவங்க நடத்தினா சரியாயிடும்னு நினைக்காதீங்க. இலங்கையில நீர்கொழும்புக் களப்புலயும் இதே மாதிரிக் கம்பு ஊன்றிக் கட்டுற இறால் வலை இருக்கு. 4 மீனவர் சங்கங்கள், உறுப்பினர்கள் கத்தோலிக்கர்கள், இடங்களைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிக்கிறாங்க. கேட்க அருமையா இருக்கு. அங்கேயும் உள்ளே வர ஆணா இருக்கணும், கல்யாணம் ஆகியிருக்கணும், கத்தோலிக்கரா இருக்கணும்.

பழவேற்காட்டுக்கே திரும்புங்க. 1515-லேயே தொடங்கினதாச் சொல்லப்படுற மகிமை மாதா திருத்தலம் அங்கே இருக்கு. 1613-ல டச்சுக்காரங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. கோட்டைக்குள்ள போதகர் இருந்தார், ஆராதனை நடந்தது, அன்றாட அப்பத்துக்கான ஜெபமும் நடந்திருக்கும். அதே 17-ஆம் நூற்றாண்டுல இந்தக் கரையிலேர்ந்து ஆயிரக்கணக்கான மனுஷங்களை அடிமைகளா படேவியாவுக்குக் கப்பல்ல ஏத்தினாங்க. டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனா எல்லாரும் கல்லுல செதுக்கின எலும்புக்கூட்டை போட்டோ எடுக்கிறாங்க. நான் அந்தக் கப்பல்ல போனவங்களோட கல்லறைகள் எங்கேன்னு யோசிச்சுட்டு நின்னேன்.

இதெல்லாம் பழைய கதைன்னு நமக்கும் தப்பிக்க வழி இல்லை. இந்த எபிசோடைக் கேட்கிற உங்க போனுக்குச் சார்ஜ் ஏத்தின மின்சாரத்துல ஒரு பங்கு அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையத்துலேர்ந்து வந்திருக்கலாம். எண்ணூர் கழிமுகத்துல சாம்பல் கலக்குது, சுடுதண்ணி விடுறாங்க, இறால் குறைஞ்சுபோச்சுன்னு அந்தப் பக்கத்து மீனவர்கள் பல வருஷமாச் சொல்லிட்டு இருக்காங்க. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இன்னும் பெருசாக்கினா கடல் கரையை அரிச்சு ஏரி வரைக்கும் வந்துடும்னு பழவேற்காட்டு ஊர்கள் எதிர்ப்புத் தெரிவிச்சுட்டு வருது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர்ல எண்ணெய் பரவினது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வாரம் நானும் என் நண்பர்களும் வீட்டுக்குக் கரண்ட் வரணும்னு ஜெபம் பண்ணிட்டு இருந்தோம். வந்தது, ஸ்தோத்திரம்னு குரூப்ல போட்டோம். எண்ணூர்ல அதே நாட்கள்ல மீனவர்கள் எண்ணெய் பிடிச்ச வலையைக் கையில வெச்சுட்டு நின்னாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆண்டவர்கிட்டத்தான் கேட்டுட்டு இருந்தோம்.

இயேசு சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்துல அப்பம் 'எனக்கு'ன்னு கேட்கிறதில்லை. 'எங்களுக்கு'ன்னுதான். சின்ன வயசுலேர்ந்து மனப்பாடமாச் சொல்லிட்டு வந்ததால அந்த 'எங்களுக்கு' எவ்வளவு பெருசுன்னு கவனிக்கலை. என் பாட்டுக்கு ஜெபிச்சு என் பாட்டுக்கு நம்புறதுக்கு அந்த ஜெபத்துல இடமே கிடையாது.

கடைசியா பேதுரு. ராத்திரி பூரா பாடுபட்டு ஒண்ணும் கிடைக்காம, கரையில வலையை அலசிட்டு இருக்கார். இயேசு படகுல ஏறி, ஆழத்துக்குப் போய் வலை போடுன்னு சொல்றார். மீன்பிடி தெரியாத தச்சர் சொல்றாரேன்னு பேதுருவுக்கு உள்ளுக்குள்ள தோணியிருக்கும், ஆனாலும் போடுறார். வலை கிழியிற அளவுக்கு மீன். பிரசங்கத்துல பெரும்பாலும் இங்கேயே நிறுத்திடுவாங்க. லூக்கா இன்னொரு வரி எழுதியிருக்கார். இவங்க பக்கத்துப் படகுல இருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டிக் கூப்பிட்டாங்க. அவங்களும் வந்தாங்க, ரெண்டு படகும் அமிழ்ந்து போற அளவுக்கு நிறைஞ்சது.

அந்த ரெண்டாவது படகுல இருந்தவங்ககிட்ட இயேசு நேரடியா எதுவும் சொல்லலை. அவங்க வலை போடவும் இல்லை. இவங்க கை காட்டினதாலதான் அவங்களுக்கு மீன் வந்தது.

உங்க பக்கத்துப் படகு எதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த வாரம் அதை வெச்சுப் பேசலாம்.