மாசத்துல ரெண்டு ஞாயிற்றுக்கிழமை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் முன்னாடி நின்னு பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எனக்கு முன்னாடி பேசினவங்க கடன் வாங்கி மாடு வாங்கினது, கடை வச்சது எல்லாம் சொன்னாங்க. நான் கோர்ட்டுக்குப் போய் வந்ததைச் சொல்லப்போறேன். வீட்டுக்காரரைப் பிரிஞ்சு இருக்கிறவங்க நம்ம கூட்டமைப்பில் நான் ஒருத்தி மட்டும் இல்லை. ஆனா யாரும் வாய் திறக்கிறதில்லை.

நாங்க பிரிஞ்சப்போ என் மகளுக்கு ஆறு வயசு. காரணம் இங்க வேண்டாம். பிள்ளை தனக்கு வேணும்னு அவர் கேஸ் போட்டார். நோட்டீஸ் வந்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. "அஞ்சு வயசு முடிஞ்சா பிள்ளை அப்பனுக்குத்தான்"னு சிலர் சொன்னாங்க. "சம்பாத்தியம் இல்லாதவகிட்ட கோர்ட்டு பிள்ளையைக் கொடுக்காது"ன்னு சிலர் சொன்னாங்க.

ரெண்டும் தப்புன்னு வக்கீல் அம்மா விளக்கினாங்க. 1956-ல் வந்த இந்து இளவர் காப்பாளர் சட்டத்தில், அஞ்சு வயசு முடியாத பிள்ளை சாதாரணமா தாய்கிட்டதான் இருக்கணும்னு இருக்கு. அதுக்காக அஞ்சு முடிஞ்ச மறுநாள் அப்பாகிட்ட போகணும்னு அர்த்தம் இல்லை. பிள்ளையோட நலன்தான் முதல்ல. யார் பள்ளிக்கூடம் அனுப்புறா, காய்ச்சல் வந்தா யார் முழிச்சிருக்கா, விவரம் தெரிஞ்ச பிள்ளைன்னா அதுக்கு என்ன விருப்பம், இதையெல்லாம் நீதிபதி பார்ப்பாங்க. அம்மாவுக்கு வருமானம் இல்லைன்னா, அப்பா பிள்ளைச் செலவுக்கு மாசாமாசம் கொடுக்கணும்னு கேட்கலாம்.

அந்த வக்கீல் அம்மாவுக்கு நான் ஒரு ரூபாய் ஃபீஸ் கொடுக்கலை. கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே இலவச வக்கீல் கொடுக்கணும்னு 1987-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுது. 15100-க்கு போன் பண்ணியும் கேட்கலாம்.

கடைசியில் உத்தரவு வந்தது. மகள் என்கிட்ட இருக்கணும். முதல் ஞாயிறும் மூணாவது ஞாயிறும் காலை 10 மணியில் இருந்து சாயங்காலம் 5 மணி வரைக்கும் அப்பாகூட. புதன்கிழமை சாயங்காலம் போன்ல பேசலாம். முழுப்பரீட்சை லீவுல பத்து நாள் அவர் வீட்டில்.

இனி நான் பண்ணின தப்பைச் சொல்றேன். முதல் ஞாயிறு "பிள்ளைக்குக் காய்ச்சல்"னு பொய் சொன்னேன். அடுத்த தடவை "பாட்டி ஊருக்குப் போயிட்டா"ன்னேன். அவர் ரெண்டு மாசம் பணம் தரலை. "பணம் வந்தாதான் பிள்ளை"ன்னு சொல்லிட்டேன். வக்கீல் அம்மா என்னை நல்லா திட்டினாங்க. "பணம் வரலைன்னா அதுக்குத் தனியா மனு போடு. பிள்ளையைக் காட்டாம இருந்தா நீதான் உத்தரவை மீறினவ ஆவே"ன்னாங்க. நம்ம தீர்மான நோட்டு மாதிரிதான் அதுவும். பிடிக்கலைன்னு ஒருத்தரே அடிச்சு எழுத முடியுமா? மாத்தணும்னா கோர்ட்டுலதான் கேட்கணும்.

அதுக்கப்புறம் வேண்டாவெறுப்பா அனுப்பிக்கிட்டு இருந்தேன். ஒருநாள் அரிசி டின்னுக்குள்ள கை விட்டா ஒரு கலர் பென்சில் டப்பா. கேட்டா, "அப்பா வாங்கித் தந்தாரும்மா. நீ பார்த்தா அழுவேன்னு ஒளிச்சு வச்சேன்"னா. ஏழு வயசுப் பிள்ளை, சந்தோஷத்தை அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கு! எங்க சண்டையை அது தலையில தூக்கி வச்சுட்டோமேன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது.

அன்னையில் இருந்து சிலதை நிறுத்திட்டேன். "அப்பா என்ன சொன்னாரு, வீட்டுல யாரு இருந்தா"ன்னு துருவுறதில்லை. பணம் கேட்டு பிள்ளைகிட்ட சொல்லி அனுப்புறதில்லை. அவ காதுபட அவங்க அப்பாவைத் திட்டுறதில்லை. திட்டணும்னா ஆத்தங்கரையில போய் திட்டிக்கிறேன்.

ஆனா ஒண்ணு. குடிச்சிட்டு வர்றார், பிள்ளையை அடிக்கிறார்னா பொறுத்துக்கிட்டு அனுப்பணும்னு நான் சொல்லலை. உடனே வக்கீல்கிட்ட சொல்லுங்க. கோர்ட்டு வளாகத்துலயே, இல்லைன்னா வேற ஒருத்தர் கூட இருக்கும்போது மட்டும் பார்க்கட்டும்னு கேட்டு மனு போடலாம். அவசரம்னா பெண்கள் உதவி எண் 181 இருக்கு.

வாய்தாவுக்குப் போன நாளெல்லாம் எங்க ஊக்குநர் அக்கா கூடவே வந்தாங்க. கூட்டத்துக்கு வராததுக்கு எனக்கு அபராதம் போட வேண்டாம்னு குழுவே தீர்மானம் எழுதுச்சு. அந்தத் தைரியம்தான் என்னை நிக்க வச்சது. அதனால ரெண்டு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டு முதல் பக்கத்துல 15100-ஐ எழுதி வைங்க. கோர்ட்டுக்குப் போற உறுப்பினரைத் தனியா அனுப்பாதீங்க.

இப்போ என் மகள் ஆறாவது படிக்கிறா. ஞாயிற்றுக்கிழமை தலை பின்னி, பூ வச்சு, நானே பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். பஸ் கிளம்பும்போது இன்னைக்கும் வயிறு பிசையத்தான் செய்யுது. ஆனா சாயங்காலம் வந்ததும் அங்க நடந்ததை எல்லாம் அவளே வாய் ஓயாம சொல்றா. நானும் சிரிச்சுக்கிட்டே கேட்கிறேன்.