மொட்டைமாடியில் பைபர் வேலை வேண்டாம்

சங்கக் கூட்டத்தில் பேசியது



தூத்துக்குடியில் இருக்கும் என் தம்பி மகன், நின்றுகொண்டே ஓட்டும் பழைய ஜெட் ஸ்கீ ஒன்றை வாங்கியிருக்கிறான். "பெரியப்பா, ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து அடிப்பாகத்தை அகலமாக்கணும். உங்க மொட்டைமாடி கிடைக்குமா?" என்றான்.

பைபர் நமக்குப் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரம் குறைந்து பைபர் படகு பெருகியது. வேலையும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில் மாவுக்கட்டுப் போடுவது போலத்தான்: கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசின் தடவி, அடுக்கடுக்காக ஒட்டுவது.

ஆபத்து ரெசினை இறுக வைக்கும் மருந்துகளில் இருக்கிறது. முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன்பிறகே நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கக்கூடும். வங்கிப் பெட்டகத்தின் இரண்டு சாவிகளைப் போல, எப்போதும் தனித்தனியே இருக்க வேண்டியவை. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ரெசின் ஆவி தீப்பிடிக்கும். தேய்க்கும்போது பறக்கும் தூசி, கொடியில் காயும் குழந்தைத் துணியில் ஒட்டி அரிக்கும்.

"மாடி கிடையாதுடா. ஊருக்கு வெளியே திறந்த கொட்டகை பார், வாடகை நான் தருகிறேன்" என்றேன். கோபித்துக்கொண்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோடு நானே போய்ச் சமாதானம் செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டாலும் இதையே சொல்லுங்கள். கோபம் ஆறிவிடும், போன கண் வராது.