தாங்குவோரைத் தாங்குதல்



ஒரு வீட்டிலே உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறைவோ உடைய பிள்ளை பிறந்துவிட்டால், ஊரார் அப்பிள்ளையைப் பற்றியே பேசுவர். நடக்குமா, பேசுமா, பாடசாலைக்குப் போகுமா என்று வினவுவர். அதனை இரவும் பகலும் சுமக்கும் தாய் நன்றாக உறங்கி எத்தனை நாளாயிற்று என்று வினவுவோர் மிகச் சிலரே. அப்பிள்ளைக்கு உதவ விரும்புவோர் அதனை வளர்க்கும் குடும்பத்தையும் தாங்குதல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

இலங்கையில் இத்துறைத் தொண்டு நேற்றுத் தோன்றியதன்று. 1912ஆம் ஆண்டிலே மேரி சப்மன் அம்மையார் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் ஒரு பாடசாலையைத் தொடக்கினார். அது பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் உள்ள நஃபீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்கு அத்தகைய பணியை ஆற்றி வந்துள்ளது. இவற்றின் பயன் பெரிது. ஆயினும், எத்துணைச் சிறந்த பாடசாலையும் ஒரு பிள்ளையின் வாழ்நாளில் ஒரு பகுதியையே ஏற்க வல்லது. பாடசாலைக்கு முந்திய ஆண்டுகளும், பிந்திய நெடுங்காலமும் வீட்டின் பொறுப்பிலேயே கழிகின்றன.

ஆதலால் உதவி வீட்டைத் தேடிச் செல்லுதல் வேண்டும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள போட்டேஜ் என்னும் சிற்றூரில் இத்தகைய முயற்சியொன்று தொடங்கியது. அங்கே குடும்பங்கள் தூரந்தூரமாக வாழ்ந்தமையால், சிறு பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டுதல் எளிதாக இருக்கவில்லை. எனவே பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்துக்கொருமுறை வீட்டுக்குச் சென்று, ஒரு சிறு பழக்கத்தைக் கற்பிக்கும் முறையைப் பெற்றோருக்குக் காட்டினார். பெற்றோர் அதனை நாள்தோறும் பிள்ளைக்குப் பழக்கினர். அடுத்த வாரம் முன்னேற்றம் பார்க்கப்பட்டது. பெற்றோரே ஆசிரியராகிய இம்முறை பின்னர் வேறு பல நாடுகளுக்கும் பரவியது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பெருமூளை வாதமுற்ற பிள்ளையைப் படுக்கவைத்து ஊட்டினால், உணவு மூச்சுக்குழாயினுட் புகுந்து நெஞ்சு நோயை உண்டாக்கக்கூடும். நிமிர இருத்தி, தலை பின்னே சாயாதவாறு தாங்கி, சிறிது சிறிதாக ஊட்டுதலே தக்க முறை. அறிந்த ஒருவர் அருகிருந்து காட்டினால் தாய் இதனை விரைவிற் பழகிக்கொள்வாள். பயிற்சியாளரின் ஆலோசனைப்படி ஊர்த்தச்சர் பிள்ளையின் அளவுக்கு ஒரு நாற்காலி செய்து கொடுத்தால், அவளுடைய கைகளுக்கும் ஓய்வு கிடைக்கும்.

சட்டமும் குடும்பத்தை மறந்துவிடவில்லை. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் இந்நாட்டில் நிறைவேறியது. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. வலுக்குறைவைக் காரணமாகக் கொண்டு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என்றும், குடும்பத்துக்குத் தகவலும் சேவையும் ஆதரவும் காலத்தோடு அளித்தல் வேண்டும் என்றும் அதன் 23ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆனால், அன்றாடக் கூலியை நம்பி வாழும் தந்தை ஒருநாள் வேலையை விட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போவது எளிதன்று. படிவம் நிரப்பத் தெரிந்த அயலவர் ஒருவர் துணை சென்றால், இரண்டு மூன்று முறை அலைய வேண்டியது ஒருமுறையில் முடியலாம்.

அவ்வீட்டின் மற்றப் பிள்ளைகளையும் மறத்தலாகாது. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக அக்காள் அடிக்கடி பாடசாலைக்கு வராது நிற்பாளாயின், அவளைக் கண்டிக்குமுன் ஆசிரியர் வீட்டு நிலையை அறிதல் வேண்டும். ஒருவரின் குறை இருவரின் கல்வியைக் கெடுக்க விடலாகாது.

“முற்பிறப்பின் வினை” என்று ஊரார் கூறும் சொல், ஏற்கெனவே பாரஞ் சுமப்பவளின் தலையில் மேலும் ஒரு பாரத்தை ஏற்றுகின்றது. அச்சொல்லை விடுத்து, “நீ கோயிலுக்குப் போய் வா பிள்ளை, வருமட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அயல்வீட்டு மூதாட்டி ஒருத்தி கூறுவாளாயின், அதுவே பேருதவி.

“எங்களுக்குப் பிறகு யார்?” என்பதே இத்தகைய பெற்றோர் பலரின் நெஞ்சிலுள்ள அச்சம். அதற்கு விடை பெற்றோர் மறைந்த பின்னர் தேடத்தக்கதன்று. இன்று அப்பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்து, அதன் விருப்பு வெறுப்புகளை அறிந்து பழகும் அயலவரே நாளை அதற்குத் துணையாக நிற்க வல்லவர். அப்பழக்கத்தை இன்றே தொடங்குதல் நலம்.