ஏ1 பாலா? ஏ2 பாலா?

(எழுத்தறிவு மையம் ஒன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியது)

  

இன்று பாலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம், இங்கே படிக்க வரும் ஒரு தங்கை. பெயர் வேண்டாம். சென்ற மாதம் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "ஐயா, நாங்கள் வாங்கும் பால் விஷமா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன விஷயம் என்று விசாரித்தேன். அவருக்கு இரண்டு பிள்ளைகள். கணவர் கட்டட வேலை செய்கிறார். தினமும் அரை லிட்டர் பாக்கெட் பால் வாங்குவார்கள். யாரோ ஒருவர், "அது ஏ1 பால். சர்க்கரை நோய் வரும். ஏ2 பால் வாங்கு" என்று சொல்லிவிட்டார். ஏ2 பால் இரண்டு மடங்கு விலை. கையில் இருப்பதோ அதே காசு. அரை லிட்டர் கால் லிட்டர் ஆகிவிட்டது. டீக்குப் போக, பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரை டம்ளர் கூட மிஞ்சவில்லை.

ஏ1, ஏ2 என்பது என்ன? பார்ப்போம்.

பாலைக் காய்ச்சி எலுமிச்சைச் சாறு விடுங்கள். பால் திரியும். தண்ணீர் தனியாக ஒதுங்கும். வெள்ளையாகக் கட்டி நிற்கும். அந்தக் கட்டியில் கொழுப்பு இருக்கிறது. கேசின் என்ற புரதமும் இருக்கிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 32 கிராம் புரதம் உண்டு. அதில் பத்துக்கு எட்டுப் பங்கு கேசின்தான். பிள்ளைகளின் உடம்பு வளர்வதற்குப் புரதம் வேண்டும்.

கேசினில் பல வகை உண்டு. ஒரு வகைக்குப் பீட்டா கேசின் என்று பெயர். அதை ஒரு மணிமாலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாலையில் 209 மணிகள். சில மாடுகளின் பாலில் 67-ஆவது மணி ஒரு மாதிரி இருக்கும். வேறு சில மாடுகளின் பாலில் அந்த மணி மட்டும் வேறு மாதிரி இருக்கும். ஒன்றை ஏ1 என்கிறார்கள். மற்றதை ஏ2 என்கிறார்கள். முக்கியமான வேறுபாடு அந்த ஒரு மணிதான்.

நம் வயிறு இந்த மாலையை அறுத்துத்தான் செரிக்கிறது. ஏ1 மாலை அறுபடும்போது ஏழு மணி கொண்ட ஒரு சிறு துண்டு எளிதாக வெளியே வரும். ஏ2 மாலையில் 67-ஆவது மணி அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தச் சிறு துண்டு உடம்புக்குக் கெடுதல் செய்யுமா? இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி 1990-களில் நியூசிலாந்தில் பெரிதாக எழுந்தது. ஏ1 பால் அதிகம் குடிக்கும் நாடுகளில், குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோயும் அதிகம் என்று சிலர் கணக்குக் காட்டினார்கள். 2000-ஆம் ஆண்டில் அங்கே ஏ2 பாலுக்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். திருவிழா நாளில் மழை பெய்கிறது. திருவிழாதான் மழையைக் கொண்டு வந்ததா? இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் போதாது. ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு எல்லா ஆய்வுகளையும் எடுத்துப் பார்த்தது. அந்தச் சிறு துண்டால்தான் இந்த நோய்கள் வருகின்றன என்பதற்குச் சான்று இல்லை என்று 2009-இல் சொல்லிவிட்டது.

வயிற்றுக் கோளாறு விஷயம் கொஞ்சம் வேறு. 2016-இல் சீனாவில் 45 பேரிடம் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏ1 கலந்த பால் குடித்தபோது சிலருக்கு வயிற்றுத் தொல்லை கூடியது. ஏ2 மட்டும் உள்ள பாலில் அப்படி இல்லை. அதனால் சிலருக்கு ஏ2 பால் வயிற்றுக்கு இதமாக இருக்கலாம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஏ2 பால் விற்கும் கம்பெனி. அதையும் மனதில் வையுங்கள்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறதா? பெரும்பாலும் அதற்குக் காரணம் புரதம் அல்ல. பாலில் உள்ள சர்க்கரைதான். அது ஏ2 பாலிலும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். சில குழந்தைகளுக்குப் பால் கொடுத்ததும் தடிப்பு வரும். மூச்சுத் திணறும். அது ஒவ்வாமை. ஏ2 பால் அதற்கு மருந்தல்ல. உடனே டாக்டரிடம் போங்கள்.

சரி, எந்த மாட்டில் எந்தப் பால்? கிர், சாகிவால், காங்கேயம் போன்ற நம் நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ2 தான். எருமைப் பால் எல்லாமே ஏ2. ஆச்சரியமாக இருக்கிறதா? நம் நாட்டில் கறக்கும் பாலில் கிட்டத்தட்டப் பாதி எருமைப் பால். பாக்கெட் பாலில் பசும்பாலும் எருமைப் பாலும் கலந்து வருவது உண்டு. காலம் காலமாக நாம் ஏ2 குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்குத் தனி விலை கொடுக்காமல்!

ஜெர்சி, பிரீசியன் மாடுகளில் இரண்டும் இருக்கும். கலப்பினப் பசுவிலும் அப்படியே. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று கன்றுக்கு வரும். திமிலைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இப்போது ஏ2 நெய் என்று விற்கிறார்கள். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். நெய் என்பது கொழுப்பு. அதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். புரதம் இல்லாத இடத்தில் ஏ1 ஏது, ஏ2 ஏது? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2024 ஆகஸ்ட் 21-ஆம் தேதி இதைச் சொன்னது. ஏ1, ஏ2 என்று அச்சிடுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. ஐந்தே நாளில், வியாபாரிகளோடு கலந்து பேச வேண்டும் என்று அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

அந்தத் தங்கையிடம் நான் சொன்னது இதுதான். "பழையபடி அரை லிட்டர் வாங்கு, அம்மா. கால் லிட்டர் ஏ2 பாலை விட அரை லிட்டர் சாதாரணப் பாலில் இரண்டு மடங்கு புரதம் இருக்கிறது."

கைக்குழந்தை வைத்திருப்பவர்களே, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். எந்த மாட்டுப் பாலும் அதற்கு ஈடாகாது. பச்சைப் பால் வாங்குபவர்கள் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். ஏ2 என்று சொல்லிக் கொடுத்தாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பச்சைப் பாலில் காசநோய்க் கிருமி இருக்கலாம். மாட்டிலிருந்து வரும் புரூசெல்லா காய்ச்சலின் கிருமியும் இருக்கலாம்.

கலப்பினப் பசு வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்து மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்றுவிடாதீர்கள். அடுத்த முறை சினை ஊசி போடும்போது நாட்டு இனக் காளையின் ஊசி வேண்டுமா என்று கேட்பார்கள். கறவை, தீவனம், உங்கள் ஊர் வெயில் எல்லாவற்றையும் பார்த்து முடிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் இப்போதே கேளுங்கள். நேரம் இருக்கிறது.