பழைய கைத்துப்பாக்கியும் நியாய விலையும்



விலை என்னும் சொல் நம் நாவில் நாள்தோறும் புழங்குகின்றது. அரிசியின் விலையைச் சந்தை சொல்லும். பொன்னின் விலையை உரைகல்லும் தராசும் சொல்லும். ஆனால், ஒரு காலத்தில் படைவீரன் ஒருவனின் இடுப்பிலே தொங்கி, பின்னர் செப்பனிடப்பட்டுப் புத்தொளி பெற்று, இன்று ஒருவர் வீட்டு மேசைமீது கிடக்கும் கைத்துப்பாக்கிக்கு விலை சொல்பவர் யார்? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கண்டியில் இருந்துகொண்டு இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் தென்கிழக்காசியப் படைத்துறைத் தலைமையகம் டில்லியிலிருந்து இங்கே பெயர்ந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு பேராதனைப் பூங்காவிலே பணிமனை அமைத்துப் பர்மாப் போரை நடத்தினார். ஆகவே இந்நகரின் சுற்றுப்புறங்களில் பழைய படைக்கலம் ஏதேனும் கண்ணிற்பட்டால், அதனோடு ஒரு கதையும் கூடவே வரும். “இது மவுண்ட்பேட்டனின் அதிகாரி ஒருவர் விட்டுச் சென்றது” என்பார்கள். கதை இனிமையானதே. ஆனால் விலை கேட்கும்போது கதைக்குச் சான்று வேண்டும் அல்லவா?

பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கின்றேன். உரிய அனுமதியுடன் பழம் படைக்கலங்களைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தம்முடன் அழைத்துச் சென்றார். கண்டிக்கு மேலே, தேயிலை மலைச் சரிவில் ஒரு சிறு வீடு. அவ்வீட்டு அம்மையாரின் கணவர் தோட்டமொன்றில் தலைமை எழுதுவினைஞராய் இருந்து மறைந்தவர். நாடு திரும்பிய துரை ஒருவரிடமிருந்து முறைப்படி வாங்கிய றிவோல்வர் ஒன்றை அனுமதிப் பத்திரத்துடன் வைத்திருந்தார். அவர் காலமானபின் அதனை வீட்டில் வைத்திருக்க இயலாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப் பத்திரமின்றி அதனை வைத்திருத்தல் குற்றமாகும். எனவே அதிகாரிகளின் எழுத்து அனுமதியோடு விற்க எண்ணினார்.

அம்மையார் வெள்ளைத் துணி விரித்து அதனை எம்முன் வைத்தார். கருநீலமாய்க் கண்ணாடிபோல் மின்னிற்று. “அனுமதி பெற்ற ஒருவரிடம் கொடுத்துப் புதிதாக்கி வாங்கினேன் ஐயா. கையிலிருந்த காசெல்லாம் அதற்கே போயிற்று. இப்போது நல்ல விலை போகும் அல்லவா?” என்று கேட்டார். மகளின் படிப்புக்கு அப்பணத்தையே நம்பியிருந்தார்.

நண்பர் முதலில் துப்பாக்கியை முறித்துத் திறந்து, உருளையின் ஆறு அறைகளும் வெறுமையாக இருக்கின்றனவா எனப் பார்த்தார். விலை பார்ப்பதற்கு முன் உயிர் பார்க்க வேண்டும். பின்னரே உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார்.

அது என்பீல்டு இரண்டாம் இலக்க றிவோல்வர். 1932ஆம் ஆண்டு பிரித்தானியப் படையில் ஏற்கப்பட்டது; .38 அங்குல வாயுடையது. 1938இல் இதன் வேறொரு வடிவம் வந்தது. அதன் பெயரோடு ஓர் உடுக்குறி சேர்ந்தது. குதிரையின் மேல் விரல் வைக்கும் முனை நீக்கப்பட்டது. முன்னைய துப்பாக்கிகள் பல, செப்பனிட வந்தபோது இவ்வடிவுக்கே மாற்றப்பட்டன. ஆதலால் முனையோடு கூடிய பழைய குதிரை மாறாதிருக்கும் ஒன்றைச் சேகரிப்போர் மிகுதியாக விரும்புவர். எம்முன் இருந்ததோ மாற்றப்பட்ட ஒன்று.

நேயர்களே, செப்பனிடுதல் இரு வகை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். படைத்துறைத் தொழிற்சாலையே ஒரு துப்பாக்கியை முழுதும் பிரித்துச் சீர்செய்து, எஃப்.ரீ.ஆர். என்னும் மூன்றெழுத்துகளைப் பொறித்து மீண்டும் சேவைக்கு அனுப்பியதுண்டு. தொழிற்சாலையில் முற்றாகச் செப்பனிடப்பட்டது என்பது அதன் பொருள். அது அத்துப்பாக்கியின் வரலாற்றிலே ஒரு பக்கம். அதனால் மதிப்புக் கெடுவதில்லை. ஆனால் சேவையெல்லாம் முடிந்த பின்னர், விற்பனைக்காக ஒருவர் அரத்தாலும் மெருகுச் சக்கரத்தாலும் தேய்த்துப் புதுநீலம் ஏற்றுவது வேறு. அது வரலாற்றின் பக்கத்தை அழிப்பதாகும்.

அவ்வழிவு எங்கே தெரியும்? கூரிய விளிம்புகள் மழுங்கியிருக்கும். பொறித்த எழுத்துகள் தேய்ந்து, ஓரங்கள் கரைந்தாற்போல் இருக்கும். திருகாணிகளின் தலைப்பிளவு சிதைந்திருக்கும். புதிய நீலத்தின் கீழே பழைய துருக்குழிகள் அம்மைத் தழும்புபோல் தோன்றும். பழைய துப்பாக்கிமேல் பழைய பூச்சு, தேய்ந்திருந்தாலும், நேர்மையானது.

அடுத்தது இலக்கம். சட்டத்திலும் குழலிலும் உருளையிலும் ஒரே தொடரிலக்கம் இருந்தால் உறுப்புகள் பிறந்தநாள் முதல் ஒன்றாக வாழ்ந்தவை. எம்முன் இருந்ததில் உருளையின் இலக்கம் வேறாயிருந்தது. வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது அது. இதனையொத்த மற்றொரு குறையை 1915ஆம் ஆண்டின் வெப்ளி ஆறாம் மார்க்கு றிவோல்வர்களில் காணலாம். அவற்றின் வாய் .455 அங்குலம். அமெரிக்காவுக்குச் சென்றவற்றுள் பலவற்றின் உருளையை, அங்கே எளிதிற் கிடைக்கும் .45 ரவை பொருந்துமாறு பின்புறம் சீவிவிட்டனர். சீவிய இரும்பை மீண்டும் ஒட்ட முடியாது. விலையும் அவ்வாறே இறங்கிவிடும்.

மூன்றாவது, உரிமைக் குறி. பிரித்தானிய அரசின் உடைமைக்கு அகன்ற அம்புக்குறி ஒன்று பொறிப்பது மரபு. சேவையிலிருந்து நீக்கி விற்கும்போது, இரண்டு அம்புகள் முனையோடு முனை தொடுமாறு பொறிப்பார்கள். இது முறையாக வெளியே வந்தது என்பதற்கு அது நல்ல சான்று. தயாரித்த ஆண்டும் சட்டத்திலே பொறிக்கப்பட்டிருக்கும். 1944இல் பேராதனையில் ஒருவர் அணிந்தார் என்று கதை சொல்லி, இரும்பிலே 1945 என்றிருந்தால், பொய் சொல்வது இரும்பு அன்று.

இத்தனையும் பார்த்தபின் நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். அம்மையார் எதிர்பார்த்த தொகையை அவர் கொடுத்தால் தாம் இழப்பார். சந்தைப்படி குறைத்துச் சொன்னால் அவ்வம்மையார் தம் காசைச் செலவிட்டே தம் பொருளின் விலையைக் குறைத்துக்கொண்டார் என்பது வெளிப்படும். சொல்லாமல் கடந்துபோவதும் எளிது. நண்பர் அவ்வாறு செய்யவில்லை. “அம்மா, கோபிக்கக் கூடாது. இந்த மினுக்கத்துக்கு நான் விலை தரமுடியாது. ஏன் என்று காட்டுகின்றேன், பாருங்கள்” என்று கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அம்மையாரின் முகம் வாடிற்று.

பிறகு நண்பர், “இதனோடு வேறு ஏதேனும் இருந்ததா?” என்று வினவினார். அம்மையார் உள்ளே சென்று ஒரு பழைய பிஸ்கற் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். “குப்பைதான், எறிய இருந்தேன்” என்றார். அதனுள்ளே கித்தான் உறை ஒன்று. துரை கையொப்பமிட்ட விற்பனைச் சீட்டு. ஆண்டுதோறும் புதுப்பித்த அனுமதிப் பத்திரங்கள். போர்க்காலத்தில் அத்துரை அதனைப் பெற்றமைக்கான தாள். துப்பாக்கியின் தொடரிலக்கம் அத்தாள்களிலும் இருந்தது. மேசைமீது வெள்ளைத் துணியில் மின்னியது குறைவிலைப் பொருள். எறிய இருந்த குப்பையோ அதற்கு உயிர் தந்தது. நண்பர் மறைக்கவில்லை. “இதற்கு நான் கூடுதலாகத் தரவேண்டும்” என்று தாமே சொன்னார்.

தொகையை எவ்வாறு கணக்கிட்டார்? அதேவகைத் துப்பாக்கிகள் வெளிநாட்டு ஏலங்களில் உண்மையாக விலைபோன தொகைகளை எடுத்தார். விற்போர் கேட்கும் தொகைகளை எடுக்கவில்லை. கேட்பது ஆசை, கொடுத்ததே விலை. அதிலிருந்து இலக்கம் பொருந்தா உருளைக்கும் அழிந்த மேற்பூச்சுக்கும் கழித்தார். உறைக்கும் தாள்களுக்கும் கூட்டினார். அனுமதிச் செலவைத் தாமே ஏற்றார். வந்த தொகை அம்மையார் எதிர்பார்த்ததிலும் சிறிது குறைவு; நாங்கள் அஞ்சியதிலும் மிகுதி. அம்மையார் மனமுவந்து ஏற்றார்.

நியாய விலை என்பது யாது? வாங்குவோன் அறிந்ததனை விற்போனும், விற்போன் அறிந்ததனை வாங்குவோனும் அறிந்தபின், இருவரும் இசையும் தொகையே அது. ஒருவர் அறிந்து மற்றவர் அறியாதபோது இசைந்த தொகை, பெரிதாயினும் சிறிதாயினும், நியாயமாகாது.

இசைவே இன்றிக் கைமாறிய படைக்கலமும் இக்கண்டிக்கு உண்டு. நாயக்கர் மரபின் முதல் மன்னர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் லெவ்கே திசாவை அரசருக்கு அளித்த சிறு பீரங்கி அது. வெண்கலக் குழல்; பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்தது. 1765ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கண்டி நகரைக் கைப்பற்றியபோது அதனைக் கொள்ளை கொண்டனர். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது நெதர்லாந்தின் தேசிய அரும்பொருளகத்தில் இருந்தது. அதன் வரலாற்றை இருநாட்டு ஆய்வாளரும் ஆராய்ந்தறிந்தபின், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குத் திரும்பிவந்தது. மாணிக்கத்தையும் பொன்னையும் நிறுத்து அதற்கு விலை சொல்ல எவரும் முன்வரவில்லை. உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தலே அதற்குரிய நியாய விலையாயிற்று.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலே முன்னோர் வைத்த பழம்பொருள் ஏதேனும் இருந்தால் அதனை மினுக்க விரையாதீர்கள். அதனோடு கிடக்கும் பழைய தாளையும் எறியாதீர்கள். பொருள் சுடுகலனாயின் முதலில் அதிகாரிகளிடம் செல்லுங்கள். வாங்கப் போவோர்க்கு ஒன்று சொல்வேன்: உங்கள் கையிலுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடியை விற்பவர் கையிலும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.