விறகு தரும் விளக்கு

கங்கை கடலோடு கலக்கும் மேற்கு வங்காளத்தின் தென்கோடியிலே, சுந்தரவனம் என்னும் கண்டற் காட்டின் அருகே அமைந்த தீவுகளுள் ஒன்று கோசாபா. 1903ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து நாட்டவரான டானியல் ஹமில்ற்றன் அப்பகுதியைக் குத்தகைக்குப் பெற்றுக் குடியானவரைக் குடியேற்றிப் பின்னர் கூட்டுறவுச் சங்கங்களையும் நிறுவினார். மகாகவி தாகூர் 1932இல் அங்கே சென்று அவற்றைப் பார்வையிட்டார். இவ்வாறு கூட்டுறவில் ஊறிய அம்மண்ணிலேதான் 1997இல் விறகினால் இயங்கும் 500 கிலோவாட் மின்நிலையம் எழுந்தது. அகன்ற ஆறுகள் குறுக்கிட்டமையால் பெருநிலத்து மின்கம்பிகள் அக்காலத்தில் அத்தீவை எட்டவில்லை.

விறகை வெறுமனே எரித்து நீராவி உண்டாக்கும் முறையன்று இது. மூடிய உலையொன்றில் விறகுத் துண்டுகளை இட்டு, முற்றாக எரிவதற்குப் போதாத அளவு காற்றையே உட்செலுத்துவர். அப்போது காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு பிறக்கும். அதனைக் குளிர்வித்து, கீலும் சாம்பலும் நீக்கி, டீசல் எஞ்சினுக்குள் விடுவர். கோசாபாவில் நூற்றுக்கு 30 பங்கு டீசலும் 70 பங்கு வாயுவுமாக எஞ்சினை ஓட்டுவதே திட்டம். கீல் சரியாக நீங்காவிடின் எஞ்சின் விரைவிற் பழுதாகும். ஈர விறகிட்டாற் கீல் பெருகும். ஆகவே உலர்ந்த விறகே இங்கு உயிர்நாடி.

அவ்விறகு எங்கிருந்து வருவது? ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் விறகென்று கொண்டால், 100 கிலோவாட் எஞ்சின் ஒன்று நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் முழுவலுவில் ஓட ஆண்டில் 200 தொன்னுக்கு மேல் வேண்டும். அருகிலுள்ள காட்டை வெட்டலாமே என்று தோன்றும். ஆனால் கடற்பெருக்கையும் சூறாவளியையும் முதலில் ஏற்றுத் தணிப்பது அக்கண்டற் காடுதான். 2009இல் வீசிய ஐலா சூறாவளி அணைகளை உடைத்து வயல்களில் உவர்நீரை நிறைத்ததை அத்தீவார் கண்டனர். விளக்குக்காக அரணை அழித்தல் தகுமோ? மின்நிலையத்தோடு எரிபொருளுக்கெனத் தனித் தோப்பும் வளர்க்கத் திட்டமிட்டமை, மின்நிலையத்தை அமைத்ததினும் மேலான முன்யோசனை.

இலங்கையிலும் அதற்கு ஏற்ற மரம் உண்டு. வேலிகளில் நிற்கும் சீமைக்கிளுவை 2005இல், தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். தழை ஆட்டுக்கும் வயலுக்கும் போக, தடி உலைக்கு மிஞ்சும். எனினும் மாரிக்கு முன்னே அத்தடியை வெட்டித் துண்டாக்கிக் கூரையின்கீழ் அடுக்கி உலர்த்த ஆள் வேண்டும். மின்கட்டணத்தை வகுக்கும் சங்கம் யந்திரத்தின் விலைக்கு முன்பாக அந்த ஆளின் கூலியையே கணக்கில் எழுதுதல் வேண்டும்.